சுவருக்குப் பவுடர் போட்டால் போதுமா?

ஓதம், உப்பு, பாசி, பூசணம். நம்ம பக்கத்தில் சுவரைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த நாலு சொல்லும் சரளமாக வந்து விழும். நாலும் வேறு வேறு. ஆனால் பள்ளிக்கூடச் சுவர் என்று வந்துவிட்டால் நாலுக்கும் ஒரே வைத்தியம்தான் நடக்கிறது: பெயிண்ட். அது வைத்தியமே இல்லை, முகத்துக்குப் பவுடர் போடுகிற வேலை என்பதுதான் இன்று நான் சொல்ல வருவது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கட்டட வேலையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. சுவர் எப்படி நனையும், எப்படிக் காயும் என்பது எனக்குத் தெரியும். உடம்பைப் பற்றிச் சொல்கிற இடத்தில் உலக சுகாதார நிறுவனம் போன்றவர்கள் சொன்னதோடு நிறுத்திக்கொள்வேன்.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண். அவளுடைய மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அந்தப் பெண் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். போன வாரம் வீட்டுக்கு வந்தவள் சொன்னாள்:

“பெரியப்பா, லீவுல பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடம் தொறந்து பத்து நாள்ல சளி, ராத்திரியானா இழுப்பு. கிளாஸ்ல செவத்தோரமா உக்காருதா. அந்தச் செவரு பூரா கருப்புக் கருப்பா பூத்துக் கெடக்கு. கூட்டத்துல கேட்டா, பெயிண்ட் அடிக்கதுக்குப் பணம் வருது, அடிச்சா சரியாயிரும்னு சொல்லுதாங்க. சரியாயிருமா?”

“ஆகாதும்மா” என்றேன். “ஏன்னு கேட்டா நான் என்ன சொல்ல?” என்றாள். அந்தக் கேள்விக்கான பதில்தான் இது. எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். அந்த ஒரு பள்ளியைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. தாமிரபரணிக் கரையில் இருந்து கடற்கரை வரை நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் பக்கத்துப் பள்ளியில் அப்படி ஒரு சுவர் இருக்க வாய்ப்பு உண்டு.

முதலில் அந்த டிசம்பரை நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69. நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகமாகக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியது. ஆறும் குளமும் சேர்ந்து ஊருக்குள் வந்தன. ஏரல், ஆத்தூர், முக்காணி எல்லாம் தண்ணீருக்கு நடுவே தீவாக நின்றன. வீடு, கடை, கொடிக்கால், வாழை என்று நாம் கணக்குப் பார்த்தோம். பள்ளிகளில் மேஜை, நாற்காலி, புத்தகம், பதிவேடு போனதைக் கணக்குப் பார்த்தார்கள். சுவர் குடித்த தண்ணீரை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

செங்கல் சுவர் ஒரு பஞ்சு மாதிரி. தரையில் தண்ணீர் வற்றிய பிறகும் சுவருக்குள் தண்ணீர் இருக்கும். சுவர் காய்வதற்கு எங்கள் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஒரு அங்குல கனத்துக்கு ஒரு மாதம். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் ஒன்பது மாதம். நம்ம ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். ஆனால் வெள்ளம் வடிந்த சில வாரங்களில் பட்டி வைத்து எமல்ஷன் அடித்த சுவர் எப்படிக் காயும்? உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே வர வழியை நாமே அடைத்துவிட்டோம். நனைந்த வேட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த கதைதான். அதற்கப்புறம் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர, சுவர் காயவே இல்லை.

இனி அந்த நாலு சொல்லுக்கு வருவோம். எது எது என்று தெரிந்தால்தான் என்ன செய்வது என்று தெரியும்.

ஓதம் என்பது வெறும் ஈரம். தொட்டால் குளிர்ச்சி, பார்த்தால் நிறம் அடர்ந்து தெரியும். தரையிலிருந்து மேலே ஏறுகிற ஓதம் பெரும்பாலும் இடுப்பு உயரத்துக்கு மேல் போகாது. கூரையிலிருந்து இறங்குகிற ஓதம் மேலிருந்து திட்டுத் திட்டாக வரும். ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக இறங்கினால் சன்ஷேடு ஒழுகுகிறது என்று அர்த்தம். ஓதம் எந்தப் பக்கம் கால் வைத்திருக்கிறது என்று பார்த்தாலே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாதி தெரிந்துவிடும்.

உப்பு என்பது வெள்ளையாகப் பூப்பது. விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும், தண்ணீர் தெளித்தால் கரையும். காரை பொரிந்து விழுவது இதனால்தான். கடலோரம் என்பதால் மண்ணிலும் உப்பு, கிணற்றிலும் உப்பு, சில கட்டடங்களில் கலவையிலேயே உப்பு. உப்பளத்தில் வேலை பார்த்தவர்களிடம் கேளுங்கள், மழைக்காலத்தில் உப்பு மூட்டை தானாகக் கசியும் என்பார்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே காற்றிலிருந்து தண்ணீரை இழுக்க ஆரம்பித்துவிடும். உப்பேறிய சுவரும் அப்படித்தான். மழையே பெய்யாத நாளில்கூடப் பிசுபிசுவென்று இருக்கும்.

பாசி பச்சை. வெளிச்சம் வேண்டும் அதற்கு. அதனால் வெளிச்சுவரில், குழாயடியில், தண்ணீர்த் தொட்டி வழிகிற இடத்தில் பிடிக்கும். வகுப்புக்குள் அவ்வளவாக வராது. ஆனால் வெளியே பாசி பிடித்த இடத்துக்கு நேர் உள்பக்கம் போய்ப் பாருங்கள், ஏதாவது இருக்கும்.

பூசணம்தான் நம் விஷயம். கருப்பு, சாம்பல், கரும்பச்சை, சில சமயம் வெள்ளை. புள்ளி புள்ளியாக ஆரம்பித்துப் படர்ந்து திட்டாகும். மக்கிய வாடை வரும். பூட்டிக் கிடந்த அறையைத் திங்கட்கிழமை காலை திறந்தவுடன் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. உப்பைப் போலத் தண்ணீரில் கரையாது. பீரோவுக்குப் பின்னால், கரும்பலகைக்குப் பின்னால், சார்ட் தொங்கவிட்ட இடத்துக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில் உள்ள அறையில், காற்று போகாத மூலையில் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வாடை இருந்தால் எங்கோ இருக்கிறது.

இதற்கு ஆய்வுக்கூடச் சோதனை எல்லாம் தேவையில்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பள்ளிகளுக்கென்றே 2001இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் சொல்லியிருப்பது எளிமையான விஷயம்: கண்ணுக்குத் தெரிகிற பூசணத்துக்குப் பெரும்பாலும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டியதில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்து, பிறகு பூசணத்தை அகற்று. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பூசணம் பெரும்பாலும் பிடிக்காது. பூசணத்தின் மேலே பெயிண்ட் அடிக்காதே, உரிந்து வந்துவிடும்.

பூசணம் உடம்புக்கு என்ன செய்யும்? உலக சுகாதார நிறுவனம் 2009இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. ஈரமும் பூசணமும் உள்ள கட்டடங்களில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா, சுவாசத் தொற்று ஆகியவை அதிகமாக வருகின்றன என்பது அதன் முடிவு. இவ்வளவு வரைக்கும் பூசணம் இருக்கலாம் என்று அவர்கள் ஓர் எல்லை வைக்கவில்லை. அப்படி வைக்கப் போதுமான அளவு தெரியாது, ஆகவே ஈரத்தையே ஒழியுங்கள் என்றார்கள்.

எங்கள் தெருப் பிள்ளையின் இழுப்புக்கு அந்தச் சுவர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஏற்கெனவே இழுப்பு உள்ள பிள்ளையை அந்தச் சுவரோரம் தினமும் ஐந்தாறு மணி நேரம் உட்கார வைப்பது சரியா என்று கேட்க டாக்டர் பட்டம் வேண்டாம்.

ஒரு பயத்தையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது “கருப்புப் பூஞ்சை” என்று ஒரு நோய் பலரைப் பாடாய்ப் படுத்தியது. சுவரில் கருப்பைப் பார்த்ததும் சிலர் அதுதான் இது என்று நடுங்குகிறார்கள். அது வேறு, இது வேறு. அது பெரும்பாலும் சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் வந்த நோய். அதற்குக் கருப்பு என்று பேர் வந்தது, நோய் தாக்கி இறந்துபோன சதை கருத்துப்போவதால். சுவரில் இருப்பதன் நிறத்தை வைத்து அது எவ்வளவு மோசம் என்று சொல்லவும் முடியாது. கருப்போ வெள்ளையோ, அகற்ற வேண்டும், அவ்வளவுதான். பயந்து பள்ளிக்கூடத்தையே பூட்டவும் வேண்டாம், அலட்சியமாகப் பெயிண்ட் அடிக்கவும் வேண்டாம்.

பெயிண்ட் அடித்தால் போதும் என்று சொன்னதன் விலையை இங்கிலாந்து ஒரு குழந்தையின் உயிரால் கொடுத்தது. ராச்டேல் என்ற ஊரில் வாடகைக் குடியிருப்பு ஒன்றில் இருந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்துபோனது. வீட்டிலிருந்த பூசணத்தை நீண்ட நாள் சுவாசித்ததால் வந்த சுவாசக் கோளாறுதான் காரணம் என்று 2022 நவம்பரில் விசாரணை அதிகாரி சொன்னார். அந்தக் குழந்தையின் அப்பா 2017இலேயே பூசணம் பற்றிப் புகார் சொல்லியிருக்கிறார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகுதான் 2023இல் அந்தக் குழந்தையின் பேரிலேயே சட்டம் வந்தது, குறிப்பிட்ட காலத்துக்குள் வீட்டு உரிமையாளர் சரிசெய்தாக வேண்டும் என்று.

நம் ஊரிலும் சாவு நடந்த பிறகுதான் கட்டடம் பற்றி யோசிக்கிறோம். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போன பிறகு பள்ளிகளில் கூரைக் கொட்டகைகளை அகற்றினோம். 2021 டிசம்பர் 17இல் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து பழுதானவற்றை இடிக்கச் சொன்னார்கள். இரண்டும் நல்ல காரியம்தான். ஆனால் இந்த ஆய்வுகளில் நாம் கேட்பது ஒரே கேள்வி: எரியுமா, விழுமா? அதற்குள்ளே இருந்து பிள்ளை நன்றாக மூச்சுவிட முடியுமா என்று கேட்பதில்லை. பூசணம் ஒரே நாளில் யாரையும் கொல்லாது. அதனால் செய்தியாகாது. லீவு போடுகிற பிள்ளைகளின் எண்ணிக்கையில் மட்டும் அது தெரியும்.

இன்னொன்று. இந்த இரண்டு கேள்வியும் உண்மையில் ஒரே கேள்விதான். தளத்தில் இறங்குகிற ஈரம் பூசணத்தை மட்டும் வளர்ப்பதில்லை. உள்ளே இருக்கும் கம்பியையும் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். உள்ளே இடம் போதாமல் கான்கிரீட்டை வெடிக்கவிட்டு வெளியே தள்ளும். ஒரு நாள் காரை பாளம் பாளமாகத் தலையில் விழும். கடற்கரையில் உப்புக் காற்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இன்று மூலையில் பூத்திருக்கும் பூசணம் நாளைக்கு விழப்போகும் காரைக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். அதன் மேல் பெயிண்ட் அடிப்பது, வந்த தந்தியைப் படிக்காமல் கிழித்துப் போடுவது போல.

சரி, என்ன செய்ய வேண்டும்? கொடிக்கால்காரர்கள் இருக்கிற ஊர் இது. 2023இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. கொடி அழுகினால் நல்ல விவசாயி முதலில் மருந்துக் கடைக்கு ஓடமாட்டார். கொடிக்காலுக்குள் இறங்கி எங்கே தண்ணீர் கட்டி நிற்கிறது என்று பார்த்து வடித்துவிடுவார். வேரில் தண்ணீர் நிற்கும்வரை எந்த மருந்தும் பலிக்காது என்று அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கும் அதே முறைதான்.

முதல் வேலை மொட்டைமாடிக்கு ஏறுவது. மழைநீர்க் குழாயின் வாயை வேப்பிலையும் வாகை இலையும் அடைத்திருக்கும். பிள்ளைகள் தூக்கிப் போட்ட பந்தும் செருப்பும் கிடக்கும். தளத்தில் வாட்டம் சரியாக இருக்கிறதா, மழை விட்டு மறுநாளும் எங்காவது தண்ணீர் தேங்குகிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா, தட்டு ஓட்டின் இடுக்கில் செடி முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆலஞ்செடியோ அரசஞ்செடியோ இருந்தால் வேரோடு எடுக்க வேண்டும். மேலே தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதா என்றும் பாருங்கள். கீழே இறங்கினால், சுவரை ஒட்டி மண் மேடாகி வகுப்பறைத் தரையை விட உயர்ந்திருக்கிறதா, மழைத் தண்ணீர் அஸ்திவாரத்தை நோக்கி ஓடுகிறதா, கழிப்பறைக் குழாய் சுவருக்குள் கசிகிறதா. இதற்கெல்லாம் பெரிய எஸ்டிமேட் வேண்டாம். பாதி வேலையை ஒரு மண்வெட்டியும் ஒரு கொத்தனாரும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

இரண்டாவது, காயவிடுவது. ஜன்னலைத் திறக்க வேண்டும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பூட்டியது, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1இல்தான் திறந்தது. ஒரு முழு மழைக்காலத்தைப் பூட்டிய அறைகள் தனியாகவே கழித்தன. மனிதரைப் போலக் கட்டடத்துக்கும் காற்று வேண்டும். நீண்ட விடுமுறையில் வாரத்துக்கு இரண்டு நாள் யாராவது வந்து ஜன்னலைத் திறந்து வைத்தாலே பெரிய உபகாரம்.

மூன்றாவது, சுத்தம் செய்வது. பிள்ளைகள் இல்லாத நாளில் செய்ய வேண்டும். பிள்ளைகளைக் கொண்டு செய்யவே கூடாது. செய்பவருக்கு என்-95 முகக்கவசம், ரப்பர் கையுறை, முடிந்தால் கண்ணாடி. துப்புரவுப் பணியாளரின் நுரையீரலும் நுரையீரல்தான். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டக் கூடாது. தட்டினால் பூசணத்தின் விதைத்தூள் அறை முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி வெளியே எறிய வேண்டும். காரை தட்டினால் பொத்தென்று கேட்டாலோ, உதிர்ந்தாலோ, நனைத்துக் கொத்தி எடுத்துவிட வேண்டும். கெட்டுப்போன இடத்தைவிட ஓரடி கூடுதலாகக் கொத்துவது நல்லது. பூசணம் பிடித்த கோரைப்பாய், அட்டை, சாஃப்ட் போர்டு எல்லாம் வெளியே போக வேண்டும். அவற்றைக் கழுவிக் காப்பாற்ற முடியாது.

அந்த அமெரிக்க வழிகாட்டி ஓர் அளவும் சொல்கிறது. 10 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் பள்ளியில் இருப்பவர்களே பாதுகாப்போடு செய்யலாம். அதாவது ஒரு கதவில் பாதி அளவு. சுவர் முழுக்கப் படர்ந்திருந்தால் அந்த வகுப்பை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, விஷயம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுத்தான் செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் சுத்தம் என்றாலே பிளீச்சிங் பவுடரும் கழிப்பறை ஆசிடும்தான். இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த அறையில் அது ஆளையே சாய்த்துவிடும். பூசணத்தைவிட அது பெரிய ஆபத்து. உண்மையில் ஈரத்தை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் சோப்புத் தண்ணீரே போதும். ஈரத்தை நிறுத்தாவிட்டால் எத்தனை கிலோ பிளீச்சிங் பவுடர் கொட்டினாலும் அடுத்த மழைக்குப் பூசணம் திரும்பி வந்துவிடும்.

நாலாவது, சுவர் காய்ந்ததா என்று பார்ப்பது. ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் இறுக்க ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே வேர்த்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இன்னும் இருக்கிறது. தாளின் வெளிப்பக்கம் மட்டும் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே செய்யக்கூடிய அறிவியல் சோதனை இது. செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.

இந்தச் சோதனையில் தேறிய பிறகுதான் வண்ணம். அதிலும் என் கட்சி சுண்ணாம்பு. எமல்ஷன் சுவருக்கு ரெயின்கோட் போடுவது மாதிரி. சுண்ணாம்பு பருத்திச் சட்டை. உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடும். காரத்தன்மை அதிகம் என்பதால் பூசணத்துக்கும் பிடிக்காது. நம் தாத்தாக்கள் வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்தது வெறும் அழகுக்கு இல்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எவ்வளவு என்று கச்சிதமாகத் தெரிந்த ஊர், சுவருக்குச் சுண்ணாம்பை மறந்துவிட்டது. ஆனால் சுண்ணாம்பும் மந்திரம் இல்லை. கூரை ஒழுகினால் அதுவும் தோற்கும்.

சத்துணவுக் கூடத்தையும் மறக்க வேண்டாம். அரிசி, பருப்பு மூட்டைகளைத் தரையிலோ சுவரை ஒட்டியோ அடுக்காமல் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்க வேண்டும். பூசணம் பிடித்த தானியத்தைக் கழுவிச் சமைப்பது சிக்கனம் ஆகாது. சில பூசணங்கள் விடும் நஞ்சு சமைத்தாலும் முழுதாகப் போவதில்லை.

இதற்கு மறுப்புச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

“பணம் எங்கே?” என்பார்கள். நான் கூடுதல் பணம் கேட்கவில்லை. பெயிண்டுக்கு வருகிற பணத்தின் வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் தளம், பிறகு வடிகால், பிறகு காரை, கடைசியில் வண்ணம். வரிசை தலைகீழானால் அந்தப் பணம் ஒரே மழையில் கரைந்துவிடும். அடுத்த வருஷம் மறுபடியும் அதே சுவருக்கு அதே பெயிண்ட். இதில் எது சிக்கனம்?

“தலைமையாசிரியர் என்ன செய்வார்?” என்பார்கள். பாவம், அவர் தலையில் ஏற்கெனவே ஆயிரம் வேலை. பூசணம் இருக்கிறது என்று எழுதிப் போட்டால், இத்தனை நாள் என்ன செய்தாய் என்று அவரையே கேட்பார்கள். அதனால் சொல்லாமல் பெயிண்ட் அடிப்பது அவருக்குச் சுலபமாகிவிடுகிறது. சொல்கிறவரைத் தண்டிக்கிற வழக்கம் இருக்கும்வரை சுவர்கள் பேசாது. பூசணத்தைக் கண்டுபிடித்து எழுதியவரைப் பாராட்ட வேண்டும்.

“சின்னப் பிள்ளைகளுக்குச் சளி பிடிப்பது சகஜம்தானே?” என்பார்கள். சகஜம்தான். ஆனால் லீவில் நின்று, பள்ளி திறந்ததும் வருகிற சளியைக் கவனிக்க வேண்டும். எந்த வகுப்பில், எந்தச் சுவரோரம் உட்காரும் பிள்ளைகள் அடிக்கடி லீவு போடுகிறார்கள் என்று வருகைப் பதிவேட்டை வைத்து ஒரு டீச்சர் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அதை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது என்றாலும், எந்த அறையை முதலில் பார்ப்பது என்று சொல்லிவிடும்.

உண்மையான சிக்கல் வேறு. பெயிண்ட் அடித்தால் படம் எடுக்கலாம். புதுச் சுவருக்கு முன்னால் நின்று எல்லோரும் சிரிக்கலாம். மழைநீர்க் குழாயில் இருந்து அழுகின இலையை எடுத்ததற்கு யார் படம் எடுப்பார்கள்? பராமரிப்பு என்பது கண்ணுக்குத் தெரியாத வேலை. நன்றாகச் செய்தால் எதுவுமே நடக்காது. எதுவுமே நடக்காததற்கு நம் நாட்டில் மாலை போடுவதில்லை.

ஆகவே பெற்றோரிடம்தான் கேட்கிறேன். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். டீ குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்கு அல்ல அது. அந்தக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். ஒன்று, ஒவ்வொரு வருஷமும் ஐப்பசிக்கு முன்னால் தளத்தையும் குழாய்களையும் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு, பாலிதீன் சோதனையில் தேறாத சுவருக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது. மூன்று, பூசணம் உள்ள அறையைச் சரிசெய்யும்வரை அதில் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. வேறு அறை இல்லையென்றால் குறைந்தபட்சம் சுவரை விட்டு மூன்றடி தள்ளி, ஜன்னல் திறந்து உட்கார வையுங்கள். தீர்மானத்தைத் தேதியோடு பதிவேட்டில் எழுதச் சொல்லி, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், எழுதினதுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அரசாங்கத்துக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கட்டடம் விழுமா என்று பார்க்கிற ஆய்வுப் படிவத்தில் இன்னும் இரண்டே இரண்டு கட்டம் சேருங்கள்: “ஈரம் உண்டா? பூசணம் உண்டா?” எழுதினால்தான் எண்ணிக்கை வரும், எண்ணிக்கை வந்தால்தான் பணம் வரும்.

இப்போது ஆவணி நடக்கிறது. வெயில் நன்றாக அடிக்கிறது. சுவர் காய்வதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஐப்பசி அடைமழைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. வருகிற சனிக்கிழமை உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளிக்குப் போய், அனுமதி கேட்டு, விவரம் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுங்கள். ஏணி கவனம். குழாயின் வாயில் கை விட்டுப் பாருங்கள். அங்கே இலை இருந்தால் அதை எடுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். கூட்டத்தில் என்ன பேச வேண்டும் என்பது அதற்கப்புறம் உங்களுக்கே தெரிந்துவிடும்.